கடைசியாக சேவ் பண்ணியது யார்?

குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம். தென்காசியில் ஸ்கேன் சென்டர் வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் அஃப்ஷானுக்கு மட்டும் அது எலும்பு முறியும் சீசன். உடம்பெல்லாம் எண்ணெயை வழிய வழியத் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் நுழைகிறவர்கள் பாறையில் வழுக்கி விழுந்து, தலையில் ஈரம் சொட்டச் சொட்ட நேராக அங்கேதான் வருவார்கள். நாற்காலியில் எண்ணெய், தரையில் எண்ணெய், கையெழுத்துப் போடக் கொடுத்த பேனா திரும்பி வந்தால் அதிலும் எண்ணெய். பெயர், வயது, இடது கையா வலது கையா என்று கேட்டு எழுதி, எக்ஸ்ரே முடிந்ததும் டாக்டர் சொல்வதை டைப் செய்து, கவரில் போட்டுக் கொடுத்து நிமிர்வதற்குள் அடுத்த ஆள் நொண்டிக்கொண்டு வாசலில் நிற்பார். வலியோடு வருகிறவர்களைக் கரித்துக்கொட்டக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும், 'குளிக்கப் போனியளா, பொரிபடப் போனியளா?' என்று கேட்க நாக்கு நுனி வரை வந்துவிடும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அக்கடா என்று உட்கார முடியாது. மாமியார் சுல்தான் பீவிக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, ராத்திரிச் சாப்பாட்டை முடித்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கும்போது கைகள் தன்னுடையவைதானா என்று சந்தேகமாக இருக்கும். அதற்குப் பிறகு அறைக்குள் போய் லேப்டாப்பைத் திறப்பாள். அவளுக்கென்று ஒரு நாளில் இருந்தது அந்த அரைமணி நேரம்தான்.

கணவன் ரிஃபாத் தம்மாமில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கல்யாணமாகி ஒன்பது வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவான். பெட்டி பிரிப்பதும் பெட்டி கட்டுவதும் போக நடுவில் கொஞ்ச நாள் கிடைக்கும். குழந்தை இல்லை. அதைப் பற்றிக் கேட்காத சொந்தக்காரர்கள் தென்காசியிலும் இல்லை, அவள் பிறந்த கடையநல்லூரிலும் இல்லை. சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டிப் பார்க்க அவள் ஒருபோதும் துணிந்ததில்லை.

இருவரும் தொடர்ந்து ஒரே வீட்டில் இருந்தது கொரோனா சமயத்தில்தான். லீவில் வந்தவன் விமானம் இல்லாமல் இங்கேயே மாட்டிக்கொண்டான். ஊரே அழுதுகொண்டிருந்த அந்த மாதங்களில் தான் சந்தோஷமாக இருந்ததை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்போதுதான் அவன் லேப்டாப்பில் ஒரு பண்ணை விளையாட்டைப் போட்டான். நிலத்தை உழ வேண்டும், விதைக்க வேண்டும், தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும், மாட்டுக்குத் தீனி வைக்க வேண்டும். ஒரு மௌஸ், இரண்டு கை. அவளுக்குத் தோட்டம், அவனுக்கு மாடு என்று பிரித்துக்கொண்டார்கள். கிணற்றை எங்கே வெட்டுவது என்பதில் சண்டை வந்து ஒரு நாள் பேசாமல்கூட இருந்தார்கள். நிஜ வீட்டில் சண்டை போடுமளவுக்கு அவர்களுக்கு நேரம் கிடைத்ததில்லை.

விமானம் ஓட ஆரம்பித்ததும் அவன் போனான். லேப்டாப்பையும் கூடவே கொண்டுபோனான். இங்கே லேப்டாப் வேண்டுமே என்று அவளுக்கு ஒரு பழையதை வாங்கி, பண்ணையை பென்டிரைவில் பிரதி எடுத்து அதில் போட்டு வைத்திருந்தான். சில வாரத்திலேயே தெரிந்துவிட்டது, அது சரிப்படாது என்று. அவன் பண்ணையில் மாடு கன்று போட்டிருந்தது. அவள் பண்ணையில் அதே மாடு தீனியில்லாமல் செத்துப் போயிருந்தது. போனில் ஒருத்தர் சொல்வது மற்றவருக்குப் புரியவில்லை. "ரெண்டும் ரெண்டு வீடாயிட்டு" என்றாள் அவள்.

அதை ஒரே வீடாக்கித் தந்தவன் குற்றாலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் குற்றாலீஸ்வரன். இருவரின் சேவ் ஃபைலும் இன்டர்நெட்டில் ஒரே இடத்தில் இருக்கும்படி செய்து, ஒரு சின்ன புரோகிராமும் எழுதிப் போட்டான். விளையாட்டைத் திறக்கும்போதும் மூடும்போதும் அது ஓடும். கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலையும் இன்டர்நெட்டில் இருக்கும் ஃபைலையும் எடுத்து, எதில் தேதியும் மணியும் புதியது என்று பார்க்கும். புதியது இரண்டு இடத்திலும் நிற்கும். பழையது அழிந்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் திறந்துவிடக் கூடாது என்பதற்காக இவர்களாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். அவன் வேலை விட்டு வந்து, குளித்து, மாடுகளைப் பார்த்துவிட்டு, 'முடிச்சாச்சு' என்று ஒரு வரி அனுப்புவான். அது வந்த பிறகுதான் அவள் திறப்பாள். அவள் முடித்துவிட்டு, 'முடிச்சாச்சு' என்பாள். காதலிக்கும்போது என்னென்னவோ எழுதிக்கொள்ளும் ஜோடிகள் உண்டு; இவர்களுக்கு அந்த ஒரு வார்த்தைதான்.

ரிஃபாத் ஸ்டோர் கீப்பர் ஆயிற்றே, அவனுக்கு இந்த ஏற்பாடும் போதவில்லை. சனி முதல் வெள்ளி வரை கிழமைக்கு ஒன்றாக ஃபோல்டர் போட்டு, அன்றன்றைய பண்ணையைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வான். ஒருமுறை அவள் தூக்கக் கலக்கத்தில் கன்றுக்குட்டியை விற்றுத் தொலைத்துவிட்டாள். அவன் செவ்வாய்க்கிழமைப் பிரதியை எடுத்துப் போட்டுக் கன்றுக்குட்டியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டான். அன்று அவள் நட்ட தக்காளி நாற்றும் சேர்ந்து காணாமல் போயிற்று. "கன்னுக்குட்டி வந்துட்டுல்லா, அது போதும்" என்று சிரித்தான். வேண்டாத நாளை இல்லாமல் ஆக்கிவிட அவனால் முடியும் என்பது அப்போது அவளுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

பண்ணையில் மரப்பலகை நட்டு அதில் எழுதலாம். முதலில் விளையாட்டுக்குத்தான் எழுதினார்கள். மாட்டுத் தொழுவத்தில் 'செருப்பை வெளியே விடவும்' என்று அவன் எழுதினான். அப்புறம் மெல்ல மெல்ல மற்றதெல்லாம் வந்தது. 'இன்னைக்கு ஸ்டோர்ல ஒரு பையன் அவங்க உம்மா மவுத்தான சேதி கேட்டு அழுதான். லீவு குடுக்கல' என்று ஒரு நாள். 'இன்னைக்கு ஒண்ணுமே புடிக்கல' என்று ஒரு நாள் அவள். போனில் எழுதினால் என்ன என்று கேட்கலாம். போனில் எழுதினால் அந்த நீல டிக் விழுந்ததிலிருந்து பதில் வரும் வரை உயிர் போகும். பலகையில் எழுதினால் அவன் வருகிற நேரத்துக்கு வந்து, படித்து, தோன்றியதைப் பக்கத்தில் எழுதிவிட்டுப் போவான். அவசரம் கிடையாது.

பேசலாம் என்றால், பேச்சு அவர்களுடையதாகவே இருந்ததில்லை. சவூதியிலிருந்து வரும் போனை நடுக்கூடத்தில் ஸ்பீக்கரில் போட்டு வீடே கேட்பது அந்தத் தெருவில் எழுதாத சட்டம். ராத்திரி ஒன்பது மணிக்கு மணியடித்தால் மாமி வந்து உட்காருவாள், வந்திருக்கும் சொந்தக்காரர்கள் உட்காருவார்கள், எல்லாரும் பேசி முடித்து, "இந்தா, அஃப்ஷான் பக்கத்துல நிக்கா" என்பார்கள். "சாப்டியளா?" என்பாள். "சாப்டேன். நீ?" என்பான். அவ்வளவு பேருக்கு நடுவில் வேறென்ன பேச?

அப்படி ஒரு ஸ்பீக்கர் பேச்சில்தான் அவன் சொன்னான். "ஆகஸ்டோட கான்ட்ராக்ட் முடியுது உம்மா. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துக் கேக்காங்க."

"உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யி வாப்பா" என்றாள் சுல்தான் பீவி. அஃப்ஷானிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. அன்று ராத்திரி கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு பலகை நட்டு எழுதினாள்: 'இந்தத் தடவ வந்தா திரும்பப் போகாதிய. என்னால முடியல.' எழுதிவிட்டுத் தோட்டத்துக்கெல்லாம் தண்ணீர் ஊற்றி, சேவ் செய்து, மூடினாள். ஒன்பது வருஷத்தில் அவனிடம் அவள் கேட்ட ஒரே காரியம் அது.

மறுநாள் திறந்தபோது பலகை இல்லை.

கிணற்றுப் பக்கம் வெறும் மண். அவள் தண்ணீர் ஊற்றியதன் சுவடும் இல்லை. அப்படியே ஒரு நாள் பின்னால் போயிருந்தது பண்ணை. கன்றுக்குட்டிக்கு நடந்தது பலகைக்கும் நடந்திருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. படித்திருக்கிறான், பதில் சொல்ல முடியவில்லை, முந்தின நாள் பிரதியை எடுத்துப் போட்டுவிட்டான். அப்படியும் மனசு கேட்காமல் போனில் ஒரு வரி அனுப்பினாள்: 'நேத்து நான் செஞ்சதப் பாத்தியளா?' மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. 'பாத்தேன் புள்ள. எல்லாம் நல்லாருக்கு.'

எல்லாம் நல்லாயிருக்கிறதாம். அதைப் படித்தபோது கவுண்டரில் ஒருவர் முறிந்த மணிக்கட்டோடு நின்றுகொண்டிருந்தார். அவள் அவர் பெயரை இரண்டு தடவை கேட்டாள்.

இரண்டாவது தடவை சுருக்கமாக எழுதினாள்: 'போகாதிய.' அதுவும் போயிற்று. மூன்றாவது தடவை, 'வேண்டாம்னா வேண்டாம்னாவது எழுதுங்க' என்று எழுதினாள். அதுவும். அதற்குப் பிறகு லேப்டாப்பைத் திறக்கவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். எண்ணெய் பிசுக்கோடு வீட்டுக்கு வந்து, மாத்திரை எடுத்துக் கொடுத்து, ஸ்பீக்கரில் "சாப்டியளா?" கேட்டுவிட்டுப் படுத்துக்கொள்வாள். நேராகக் கேட்டுவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. கேட்டு, அவன் இல்லை என்று சொல்லிவிட்டால், அதற்கப்புறம் கேட்பதற்கு அவளிடம் வேறொன்றும் இல்லை. அந்தப் பயம்தான். அவனோ தினமும் 'முடிச்சாச்சு' என்று அனுப்பிக்கொண்டேயிருந்தான். ஒன்றுமே நடக்காததுபோல அவன் அப்படி அனுப்பியதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. லேப்டாப்பை இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு குற்றாலத்துக்கு பஸ் ஏறினாள். சாரல் ஜன்னல் வழியாக அடித்தது. பஸ் முழுக்கத் துண்டும் சோப்புமாகச் சந்தோஷமான ஜனங்கள். இடுக்கில் நின்றுகொண்டு, என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பண்ணையைப் பிரித்துவிட வேண்டும். அவனுடையது அவனுக்கு, தன்னுடையது தனக்கு. தான் எழுதினால் அது தன்னிடமாவது அழியாமல் இருக்கட்டும்.

குற்றாலீஸ்வரனின் கடை பஜாருக்குள், நேந்திரங்காய் வற்றல் கடைக்கு அடுத்தது. சீசனில் அவனுக்கு கம்ப்யூட்டர் வேலையே கிடையாது. அருவியில் செல்ஃபி எடுக்கப் போய் நனைத்துக்கொண்டு வரும் போன்கள்தான். ஒவ்வொன்றையும் கழற்றி, பெயர் எழுதிய சீட்டை ஒட்டி, டேபிள் ஃபேனுக்கு முன்னால் கருவாடு காயப்போட்ட மாதிரி வரிசையாகப் பரப்பியிருந்தான்.

"வாங்கக்கா. லேப்டாப்பும் அருவில விழுந்துட்டா?"

"இல்ல தம்பி. நீ அன்னைக்கு ரெண்டையும் ஒண்ணாச் சேத்து வச்சேல்லா, அதப் பிரிச்சுக் குடு. இப்ப இருக்கதுல ஒரு காப்பி எனக்குத் தனியா வேணும். அது அவுக ஃபைலோட சேரவே கூடாது."

குற்றாலீஸ்வரன் அவள் முகத்தைப் பார்த்தான். "அண்ணங்கூட சண்டையாக்கா?"

"சண்டை போடணும்னா ஆளு பக்கத்துல இருக்கணும்."

அவன் கையை நீட்டி வாங்கிக்கொண்டான். லேப்டாப்பைத் திறந்து இன்டர்நெட்டில் இருந்த ஃபோல்டருக்குள் போனான். அந்த நேரம் பார்த்து அவள் போன் சிணுங்கியது. 'முடிச்சாச்சு.' ரிஃபாத்துக்கும் அங்கே இன்று விடுமுறை. காலையிலேயே மாடுகளைப் பார்த்துவிட்டான்போல.

"இந்தா வந்துட்டு, புதுசு. இதையே காப்பி எடுத்துருதேன்" என்ற குற்றாலீஸ்வரன், சட்டென்று கையை நிறுத்தினான். "ஏக்கா, இப்ப மணி என்ன?"

"பதினொண்ணு."

"இதுல ஒண்ணரைன்னு இருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். ஃபைலுக்கு நேரே இன்றைய தேதி, மத்தியானம் ஒன்றரை. சுவரில் இருந்த கடிகாரம் பதினொன்று. லேப்டாப்பின் மூலையில் பதினொன்று. அவள் போனிலும் பதினொன்று. இன்னும் வராத ஒன்றரை மணி அந்த ஃபைலில் மட்டும் வந்திருந்தது.

"அண்ணன் நமக்கு முன்னாலேயே போயிட்டிருக்காரு போல" என்று சிரித்தவன், உடனே சிரிப்பை நிறுத்திவிட்டுப் பழைய தேதிகளையெல்லாம் மேலும் கீழுமாக உருட்டிப் பார்த்தான். "அக்கா, நீங்க எப்ப விளையாடுவிய? அவரு முடிச்ச உடனேயா?"

"ஆமா. அவுக முடிச்சாச்சுன்னு சொன்னதும்."

"அப்ப நீங்க செய்தது எதுவும் நிக்காதே!" அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அவரு கம்ப்யூட்டர்ல மணி தப்பா இருக்குக்கா. ரெண்டரை மணி நேரம் கூட ஓடுது. அவரு எட்டரைக்கு சேவ் பண்ணா அதுல பதினொண்ணுன்னு விழுது. அதுக்குப் பொறவு நீங்க ஒம்பதரைக்கு சேவ் பண்ணா, உங்களதுல ஒம்பதரைன்னுதான இருக்கும்? எம் புரோகிராமு ரெண்டையும் பாக்கும். பதினொண்ணுதான் புதுசுன்னு நெனச்சு உங்களத அழிச்சிரும். அவருக்கு உங்க ஃபைலு போயிருக்கவே போயிருக்காது. நீங்க மூடுன நிமிசமே இங்கனயே அழிஞ்சிருக்கும்."

அஃப்ஷான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அவுக எடுத்துப் போடலியா?"

"எத?"

"பழசத் திரும்ப எடுத்துப் போடலியா அவுக?"

"அவரு ஒண்ணுமே செய்யலக்கா. அவருக்குத் தெரியவே தெரியாது. மணி பொய் சொல்லும்னு நானும் நெனைக்கல, எந் தப்பும்தான்." காய்ந்துகொண்டிருந்த போன் ஒன்றை எடுத்து எதற்கோ துடைத்துவிட்டு மறுபடி அதே இடத்தில் வைத்தான்.

அவள் எழுந்து வெளியே வந்தாள். வற்றல் கடை வரிசை முடியும் இடத்தில் ஒரு கூரை ஓரமாக நின்றுகொண்டு ரிஃபாத்துக்குப் போன் போட்டாள். இத்தனை வருஷத்தில் ஸ்பீக்கர் இல்லாமல், பக்கத்தில் யாரும் இல்லாமல், அவளாக அவனுக்குப் போன் போட்டது அபூர்வம். அவன் பதறிப்போய் எடுத்தான்.

"என்ன புள்ள? உம்மாக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல. உங்க லேப்டாப்புல மணி என்ன காட்டுது?"

"மணியா? பதினொண்ணே கால்."

"அங்கன எட்டே முக்கால்தான?"

"ஆமா. லேப்டாப்புல நம்ம ஊரு நேரம்லா வச்சிருக்கேன்." அவன் குரலில் கொஞ்சம் வெட்கம் கலந்தது. "பழைய லேப்டாப்பு தென்காசில வாங்குனது, அதுல எப்பவும் ஊரு நேரந்தான் இருக்கும். அது இப்பத்தான் கெட்டுப் போயி இங்க புதுசு வாங்குனேம்லா, இதுல இந்த ஊரு மணி காட்டிட்டு இருந்துச்சு. பாக்கவே புடிக்கல. நாடு சவூதின்னே இருக்கட்டும்னு விட்டுட்டு, மணிய மட்டும் நாந்தான் முன்னால தள்ளி வச்சேன். இப்ப எந்திச்சிருப்பா, இப்ப வேலைக்குக் கெளம்பிருப்பான்னு பாத்துக்கிடலாம்லா. ஏன் கேக்க?"

அவள் சொன்னாள். குற்றாலீஸ்வரன் சொன்னதை அப்படியே, அலுக்காமல், இரண்டு தடவை சொன்னாள். அவன் தள்ளி வைத்த மணியைச் சவூதி மணி என்றே நம்பி, நம் ஊர் மணியாக மாற்றும்போது இன்டர்நெட் அதோடு இன்னொரு இரண்டரை மணி நேரத்தைக் கூட்டியிருக்கிறது. ஊர் நேரத்தை மனசுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டால் போதாதா, ஊர் கடிகாரத்தைக் கொண்டுபோய் அந்த நாட்டில் மாட்ட வேண்டுமா என்று கத்த வேண்டும்போல இருந்தது. அதே மூச்சில் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. எதற்கும் அவளிடம் தெம்பில்லை.

"அப்ப நீ விளையாடிக்கிட்டுத்தான் இருந்தியா?" என்றான் அவன். "முடிச்சாச்சுன்னு சும்மா அனுப்புத, விளையாடுதத நீ விட்டுட்டேன்னுல்லா நெனச்சேன். அன்னைக்கு நீ கேட்டப்பக்கூட உன் மனசு நோகக் கூடாதுன்னுதான் பாத்தேன்னு சொன்னேன். வேலைக்குப் போயிட்டு வந்து அலுத்துக் கெடக்கா, அவளப் போயி கேக்கக் கூடாதுன்னு, உம் பங்குக்கும் நானே தண்ணி ஊத்திட்டு இருக்கேன். தக்காளிகூட நான்தான் பறிச்சேன்."

"நான் பலகைல எழுதிருந்தேன்."

"என்ன எழுதுன?"

தெருவில் ஈரத் துணியோடு ஒரு கூட்டம் சத்தமாகச் சிரித்துக்கொண்டு போயிற்று. பலகையில் எழுதுவது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"இந்தத் தடவ வந்தா திரும்பப் போகாதியன்னு எழுதிருந்தேன். என்னால முடியலன்னு எழுதிருந்தேன். மூணு தடவ எழுதுனேன். நீங்க படிச்சிட்டுத்தான் அழிக்கியன்னு நெனச்சேன்."

இணைப்புப் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இருந்தது.

"நான் புதன்கிழமை கையெழுத்துப் போட்டுட்டேனே, அஃப்ஷான்" என்றான்.

"புதன்கிழமையா?" என்றாள் அவள்.

"உம்மாட்ட இன்னும் சொல்லல. இன்னைக்கு ராத்திரி சொல்லலாம்னு இருந்தேன். நீ ஒண்ணும் சொல்லலியேன்னு... சரி, அவளுக்கும் சம்மதம் போலன்னு நெனச்சேன்."

கேட்க வேண்டாம் என்று மனசு சொன்னது, இருந்தும் கேட்டாள். "அந்தப் பலகையப் பாத்திருந்தா போட்டிருக்க மாட்டியளா?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. பொய் சொல்ல வேண்டுமென்றால் இவ்வளவு நேரம் எடுத்திருக்க மாட்டான்.

"போட்டிருப்பேன்" என்றான். "அங்கன வந்து நான் என்ன வேலை பாக்க? இந்த வயசுல யாரு தருவா? போட்டிருப்பேன் புள்ள." குரல் உடைந்தது. "ஆனா படிச்சிட்டுப் போட்டிருப்பேன். நீ சொல்லிருக்கன்னு தெரிஞ்சு போட்டிருப்பேன். இப்ப ஒண்ணுமே தெரியாம, சிரிச்சுக்கிட்டுல்லா போட்டேன்."

அவளுக்கு அழுகை வந்தது. மூன்று பலகை அழிந்தபோது வராத அழுகை. அவன் வரப்போவதில்லை என்பதற்காக அழுதாள். அவன் தன்னை அழிக்கவில்லை என்பதற்காகவும் அழுதாள். இரண்டில் எது பெரியது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குற்றாலத்தில் சீசனில் முகம் ஈரமாக இருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, அந்த மட்டும் நல்லது.

அவனும் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டுச் சொன்னாள். "ஏங்க, அந்தக் கடிகாரத்த மாத்துங்க. அந்த ஊரு நேரத்தையே வைங்க."

"பாத்துக்கிட்டே இருப்பேன் புள்ள. அது ஒண்ணுதான்..."

"இன்னும் ரெண்டு வருசம் அங்கனதான இருக்கப் போறிய? நம்ம ஊரு நேரம் இருந்தா நான் எழுதுதது எதுவும் நிக்க மாட்டேங்கு."

பட்டன்கள் தட்டும் சத்தம் கேட்டது. எங்கே மாற்ற வேண்டும் என்று தேடினான்போல, கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு, "மாத்திட்டேன்" என்றான்.

"இப்ப மணி என்ன காட்டுது?"

"எட்டே அம்பத்தஞ்சு."

"இங்கன பதினொண்ணு இருவத்தஞ்சு" என்றாள் அவள்.

குற்றாலீஸ்வரன் கடைவாசலில் நின்று கையை ஆட்டிக் கூப்பிட்டான். போனைக் காதிலிருந்து எடுக்காமலே போனாள். "அக்கா, மணிய மாத்துனாலும் அந்த ஃபைலுல ஒண்ணரைன்னுதான் இருக்கு. ஒண்ணரை ஆகுத வரைக்கும் ரெண்டு பேரும் தொட்டுராதிய. தொட்டா திரும்ப அழிஞ்சிரும். பொறவு ஒண்ணும் பயமில்ல." கொஞ்சம் தயங்கினான். "தனியா ஒரு காப்பி கேட்டியளே, எடுக்கவா?"

"வேண்டாம் தம்பி" என்றாள். லேப்டாப்பை மறுபடி இரண்டு கவரிலும் சுற்றிக்கொண்டாள். போனில் ரிஃபாத் இன்னும் இருந்தான்.

"கேட்டுச்சா? நம்ம ஊரு ஒண்ணரை வரைக்கும் தொடாதிய."

"கேட்டுச்சு. ஜும்மாவுக்குப் போயிட்டு வந்துதான் திறப்பேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "ஒண்ணரைக்கு மேல நீ என்ன செய்யப் போற?"

"பலகை நடுவேன்."

"என்ன எழுதுவ?"

"அதேதான் எழுதுவேன்" என்றாள் அஃப்ஷான். "நீங்க படிக்கணும்லா."

"எழுது" என்றான் அவன்.

தென்காசி பஸ் வந்து நின்றது. எண்ணெய் தேய்த்துக் குளித்த ஜனங்களோடு அவளும் இடித்துக்கொண்டு ஏறினாள்.